தவசி மச்சான் துண்டு போட்ட இடங்கள்

என் அக்கா புருஷனுக்குத் தவசி என்று பேர் வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. தொட்டிலில் கிடக்கிற பச்சைப் பிள்ளை வளர்ந்து எந்தக் கடை வாசலில் உருளும் என்று யார் கண்டது? ஆனால் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, "பையன் பேருக்கேத்த மாதிரி, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது" என்று வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாரே அவருடைய சித்தப்பா, அவர் மேல் உண்டு. மனிதர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் உண்டு.

மச்சானுக்கு ஊர் எம்.ரெட்டியபட்டி. கொஞ்சம் கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் விளையும், பெய்யாவிட்டால் வேலிக்கருவை தானாக விளையும். காட்டை நம்பினால் கஞ்சி கிடைக்காது என்று மாட்டுத் தரகுக்குப் போனார். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் எங்கே மாட்டுச் சந்தை கூடினாலும் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பச்சைத் துண்டு தெரியும். அந்தத் துண்டுக்குக் கீழே மச்சான் இருப்பார்.

மாட்டு வியாபாரத்தில் விலையை வாய்விட்டுச் சொல்லுகிற வழக்கம் இல்லை. தரகர் தோள் துண்டை எடுத்து எதிராளியின் கை மேல் போடுவார். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிப்பார். எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் விலை. சுற்றி நிற்கிற ஊருக்கு ஒன்றும் தெரியாது. விரல் மாறி விரல் பிடித்து இழுபறி நடக்கும். கடைசியில் ஒருவர் மற்றவரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டால் 'இதுக்கு மேல எங்கிட்ட இல்ல' என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சே கிடையாது.

விரல் பிடிப்பதில் மச்சானை அடிக்க ஆள் இல்லை என்பார்கள். இருக்கட்டும். வியாபாரம் படிந்ததும் விற்றவன் சந்தோஷத்தில் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுப்பான். வாங்கினவன் சந்தோஷத்தில் இன்னொரு கிளாஸ். வியாபாரம் முறிந்தாலோ மூவரும் துக்கத்தில் ஆளுக்கொரு கிளாஸ். சாராயக் கடைகளை அரசாங்கமே ஏலம் விட்டு நடத்திய காலம் அது. சந்தைக்கு ஒரு கடை இருந்தது. இப்படித் தொழிலே குடியாகி, பிறகு குடியே தொழிலாகிப் போனது. மாடு வாங்கினவன் மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான். மச்சானை யாராவது ஓட்டிக்கொண்டு வர வேண்டும்.

என் அக்கா மாரிக்கனி சாது. நான் சாது இல்லை. என் பேர் அருஞ்சுனை. பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தேன். கத்தரிக்கோல் எனக்குக் கையில் ஒன்று, வாயில் ஒன்று என்று மச்சானே சொல்லுவார். குடிக்காத நேரத்தில் நல்ல மனுஷர், அதையும் சொல்லிவிட வேண்டும். நான் எவ்வளவு திட்டினாலும், "கொழுந்தியா திட்டுனா உடம்புக்கு நல்லதாம்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் நாலு வார்த்தை கூடுதலாக வரும்.

மச்சான் குடியை விடுவதற்காக அக்கா செய்யாத பிரார்த்தனை இல்லை. ஒரு தடவை இருளப்பசாமி கோயிலுக்கு இழுத்துப் போய்ச் சூடத்தை ஏற்றி, "இனிமே சாராயத்தக் கையால தொட மாட்டேன்" என்று சத்தியம் வாங்கினாள். மச்சானும் பக்தியோடு செய்தார். அந்த வாரச் சந்தையில் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்: மச்சான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை மட்டும் அண்ணாந்து நிற்க, கூட்டாளி ஒருவன் மேலேயிருந்து ஊற்றிக்கொண்டிருந்தானாம். "சாமிக்குச் சொன்ன சொல்லுச் சொல்லுதான். கையால தொட்டேனா? கேட்டுப் பாருங்க" என்று வீட்டில் வந்து வாதாடினார். தரகரிடம் சத்தியம் வாங்குகிறவர்கள் வக்கீலை வைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

இப்படியே சிரித்துக்கொண்டு காலம் ஓடியிருக்கும். சிரிக்க முடியாத ஒன்று நடந்தது.

அக்கா மகள் தங்கலட்சுமிக்குக் குமாரலிங்கபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா சங்கரபாண்டியன் விவசாயம் பார்க்கிற நல்ல சம்சாரி. வண்டி மாடு, உழவு மாடு, கிணறு எல்லாம் உண்டு. பூ வைத்து, தேதி குறிக்கிற சமயத்தில் அவருடைய அப்பா காலமாகிவிட்டார். நாங்கள் துட்டிக்குப் போனோம். எங்கள் பக்கத்துத் துட்டி வீட்டில் ஆண்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். போகிறவர்கள் ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் நீட்ட வேண்டும், துக்கக்காரர் அந்தக் கையைத் தொடுவார். அவ்வளவுதான் துக்கம் விசாரிப்பது.

மச்சான் காலையிலேயே குடித்திருந்தார். அது எங்களுக்குத் தெரிந்திருந்தாலும், நேராக நடக்கிறாரே என்று விட்டுவிட்டோம். அவர் போகிற வழியில் தொழுவத்தில் கட்டிக் கிடந்த ஒரு ஜோடி வண்டி மாட்டைப் பார்த்துவிட்டார். நல்ல ஜோடி. நின்று பார்த்தார். பிறகு சம்பந்தி முன்னால் போய் நின்றார். சங்கரபாண்டியன் கண் கலங்கி, தொடுவதற்குக் கையை நீட்டினார். மச்சான் தோளில் இருந்த துண்டை எடுத்து அந்தக் கை மேல் போட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. துண்டுக்குள் கை அசைகிறது. அதைவிடக் கொடுமை, சங்கரபாண்டியனும் ஆயுசு முழுக்க மாடு வாங்கி விற்றவர் அல்லவா, பழக்க தோஷத்தில் இல்லையென்று தலையை ஆட்டி, மச்சானுடைய விரலை மாற்றிப் பிடித்தார். மச்சான் விடுவாரா? திரும்பப் பிடித்தார். உள்ளே பெரியவர் மாலையோடு கிடக்கிறார், வெளியே மகனும் சம்பந்தியும் கண்ணீரோடு மாட்டுக்கு விலை பேசுகிறார்கள்! சங்கரபாண்டியனின் சம்சாரம் ஒப்பாரியை நிறுத்திவிட்டு, "என்ன கருமம் இது!" என்று கத்தின பிறகுதான் இருவரும் கையை உருவிக்கொண்டார்கள். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வந்தவர்களோ அவர்கள் அழுகிறார்கள் என்று நினைத்துச் சேர்ந்து அழுதார்கள்.

சம்பந்தம் முறியவில்லை. சங்கரபாண்டியன் பெரிய மனசுக்காரர், தானும் ஒரு விரல் பிடித்த குற்றம் வேறு. வருஷத் திதி கழிந்து கல்யாணம் என்று சொல்லி அனுப்பினார். ஆனால் தங்கலட்சுமிக்கு விஷயம் எட்டிவிட்டது. அவள் அழவில்லை, கத்தவில்லை. மறுநாள் காலையில் மச்சான் தெளிந்து உட்கார்ந்திருக்கும்போது எதிரே வந்து நின்றாள்.

"கலியாணத்துக்கு வாங்கப்பா. பந்தியில உக்காந்து நல்லாச் சாப்பிடுங்க. மணவறைப் பக்கம் மட்டும் வராதீங்க. மொக்கையன் மாமாவும் அத்தையும் என்னயத் தாரை வாத்துக் குடுக்கட்டும்."

மொக்கையன் எங்கள் தம்பி. அப்பன் உயிரோடு இருக்கும்போது தாய்மாமன் தாரை வார்ப்பது எங்கள் ஊரில் கேள்விப்படாத ஒன்று. பெண்ணுக்கு அப்பன் இல்லை என்று ஊருக்கு முன்னால் மேளம் கொட்டிச் சொல்லுகிற மாதிரி. மச்சான் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர். அன்றைக்குத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார். அன்று சந்தைக்கும் போகவில்லை. மறுநாள் போனார், குடித்தார், வந்தார். அதுதான் அந்த நோயின் லட்சணம். மனசு வேண்டாம் என்கிறது, கால் கேட்பதில்லை. இதை எனக்கு அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. நான் வாயிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக் கிழி கிழி என்று கிழித்தேன்.

அந்தச் சமயத்தில் என் கடைக்கு ஜாக்கெட் தைக்க வரும் ஓர் அம்மா, அளவு கொடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். அவர் வீட்டுக்காரரும் குடித்தவர்தானாம். இப்போது அருப்புக்கோட்டையில் வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டத்துக்குப் போகிறாராம். எல்லாம் குடித்துக் கெட்டவர்கள், ஒருத்தருக்கொருத்தர் பேசிப் பேசியே குடிக்காமல் இருக்கிறார்களாம். எந்த இடம் என்று கேட்டால் சொல்லவில்லை. "அதச் சொல்லக் கூடாதுன்னு அவுகளுக்குள்ள ஒரு ரூலு. மாடின்னு மட்டும் தெரியும்" என்றார். டவுனில் மாடிக்கா பஞ்சம்?

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு டவுன் பஸ் ஏறினேன். பஜாரில் இறங்கி ஒரு டீக்கடையில் கேட்டேன். "அண்ணாச்சி, இங்ஙன குடிகாரங்க எல்லாம் கூடுற இடம் எது?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாராயக் கடைப் பக்கம் கையைக் காட்டி, "அந்தா இருக்குல்ல. தெனமும் கூட்டந்தான்" என்றார்.

"அது இல்ல அண்ணாச்சி. குடிக்காத குடிகாரங்க."

"தாயி, வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். நல்ல மனுஷர், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு பண்ணி ஒரு டீயும் போட்டுக் கொடுத்தார்.

அந்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் வந்து பெரிய தூக்குவாளி நிறைய டீ வாங்கினார். கூடவே ஒரு பொட்டலம் சேவு. சாயங்கால நேரத்தில், பத்து ஆம்பிளை சேர்ந்து டீயும் சேவும் சாப்பிடுகிறார்கள் என்றால் அது சாதாரணக் கூட்டம் இல்லை என்று எனக்குப் பட்டது. அவர் பின்னாலேயே போனேன். ஒரு சந்துக்குள் நுழைந்து, ஒரு டுடோரியல் காலேஜின் மாடிப்படி ஏறினார். பத்தாவது பெயிலானவர்களைத் திரும்பப் பரீட்சைக்குத் தயார் பண்ணும் இடம். வாசலில் பெரிய போர்டு: 'பெயிலா? கவலை வேண்டாம்!' சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணாடிக்காரர் என்னை உட்கார வைத்து விவரம் சொன்னார். கட்டணம் கிடையாது, மருந்து கிடையாது, சாமி சத்தியம் கிடையாது. வருகிறவரின் ஊர், சாதி, தொழில் எதையும் கேட்பதில்லை. உள்ளே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. இன்னாரை இங்கே பார்த்தேன் என்பதையும் சொல்லக் கூடாது. அதனால்தான் நான் இங்கே யார் பேரையும் எழுதப் போவதில்லை. மச்சான் கதையைச் சொல்ல மச்சானிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "எங்கதையச் சொல்லு. அவுக கதையில கை வைக்காத" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை அக்காவும் நானும் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனோம். போர்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "ஏத்தா, நான் அஞ்சாவதே பெயிலு. என்னயப் போய்ப் பத்தாவது பெயிலானவங்களோட உக்கார வைக்கிறீக" என்றார். தள்ளி ஏற்றினோம். பெண்களுக்கு வெளியே வராந்தாவில் பெஞ்சு. ஜன்னல் திறந்திருந்தது, காதும் திறந்திருந்தது.

உள்ளே ஒவ்வொருவராக எழுந்து, பேரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லி, தன் கதையைச் சொன்னார்கள். மச்சான் முறை வந்தது. எழுந்தார். "எம்பேரு தவசி" என்றார். நின்றார். பிறகு, "மாடு கீடு வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். என் மானம் வராந்தாவைத் தாண்டித் தெருவில் விழுந்தது.

கூட்டம் முடிந்ததும் கண்ணாடிக்காரரிடம் விலை பேச ஆரம்பித்தார். "ஒரேயடியா விடுறதுன்னா கட்டுப்படியாகாதுங்க. சந்தை இல்லாத நாள்ல விட்டுர்றேன். சந்தை நாள்ல பாதி. எப்படி?"

"இங்க விலை பேசுறது இல்லண்ணே. ஆயுசுக்கும் விடுங்கன்னும் நாங்க கேக்கல. இன்னிக்கு ஒரு நாள் குடிக்காதீக. நாளைக்கு வந்தா நாளைக்குப் பாத்துக்கிடுவோம்."

மச்சான் இதை எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, "ஆயுசுக்கும்னு கேட்டாத்தான் ஏமாத்தத் தோணுது. ஒரு நாளுங்கிறது ஞாயமான விலைதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாள் விடிந்ததும் அடுப்படிக்குப் போய் அக்கா கை மேல் துண்டைப் போட்டு ஒரே ஒரு விரலைப் பிடித்தாராம். இன்றைக்கு ஒரு நாள். அக்கா, "கரிக்கையில துண்டப் போட்டு அழுக்காக்குறதப் பாரு" என்று வைதாளாம். வைதாலும் கையை உருவிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் காபிக்கு முந்தி அந்த வியாபாரம் நடக்கும். சில நாள் நிலைக்கும், சில நாள் சந்தைக் கடையில் முறியும்.

ஆனால் வாரா வாரம் கூட்டத்தில் மச்சான் பேர் மட்டும் சொல்லி உட்கார்ந்துகொண்டே இருந்தார். ஊரெல்லாம் வாயடிக்கிற மனுஷர், தன்னைப் பற்றி ஒரு வரி சொல்ல முடியவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. "அந்த வார்த்தை வாயில வராட்டி என்னத்துக்கு வாரீக, சேவு திங்கவா?" என்று கேட்டேன். "அருஞ்சுனை, நான் வாயால எந்த விலையும் சொன்னதில்ல. உசுரு போற மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு வியாழக்கிழமை மழை. கூட்டத்தில் பாதிப் பேர் வரவில்லை. மச்சானுக்குப் பக்கத்தில் மல்லிகைப் பயிர் போட்டிருக்கும் ஒரு சம்சாரி. முறை வந்ததும் மச்சான் எழுந்தார், பேர்கூடச் சொல்லவில்லை, அப்படியே உட்கார்ந்தார். பிறகு தோளிலிருந்து துண்டை எடுத்துப் பூச்சம்சாரியின் கை மேல் போட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். போச்சு, இங்கேயும் மாடு விற்கப் போகிறார்!

உள்ளே கை போனது. விரல் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பூச்சம்சாரி மச்சான் முகத்தைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், குனிந்துகொண்டார். கண்ணாடிக்காரர் டவுன் ஆள், மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. "என்ன சொல்றாரு?" என்றார்.

"மணிக்கட்டப் பிடிச்சிட்டாரு" என்றார் பூச்சம்சாரி.

"அப்படின்னா?"

"இதுக்கு மேல எங்கிட்ட இல்லங்கிறாரு."

என் பக்கத்தில் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கண்ணாடிக்காரர் எழுந்து வந்து மச்சான் முன்னால் நின்று, "இங்க எல்லாரும் மொதல்ல சொன்னது அதுதாண்ணே" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து, நடுவில் ஒரே ஒரு தடவை தவிர, மச்சான் குடிக்கவில்லை.

குடிக்காததால் வந்த கஷ்டத்தைக் கேளுங்கள். சந்தையில் ஒருவனும் நம்பவில்லை. வியாபாரம் முடிந்து கடைக்குக் கூப்பிட்டால் மச்சான், "நான் குடிக்கிறதில்ல" என்பார். உடனே வாங்கினவனுக்கும் விற்றவனுக்கும் சந்தேகம் வந்துவிடும். "ஏலே, தரகன் குடிக்க மாட்டேங்கிறான். சரக்குல எவனோ மருந்து கலந்திருக்கான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குலே" என்று அவர்களும் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். கடைக்காரன் மச்சானைப் பார்த்தாலே பல்லைக் கடித்தான். முடிந்த வியாபாரம்கூட முறிந்தது. கடைசியில் மச்சான் பருத்திப்பால் விற்கிற ஒருவனைச் சந்தைக்குக் கூட்டி வந்து, மாடு படிந்ததும் ஆளுக்கொரு டம்ளர் தன் செலவில் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார். பருத்திப்பால் தரகர் என்று கேலி பண்ணினார்கள். பண்ணினாலும் டம்ளரைக் காலி பண்ணிவிட்டுத்தான் பண்ணினார்கள்.

அந்த ஒரு தடவை சறுக்கினதையும் சொல்லிவிட வேண்டும். ஆடி மாசத்தில் ஒரு கோயில் கொடைக்குப் போன இடத்தில், பழைய கூட்டாளிகள் கையைப் பிடித்து இழுக்க, குடித்துவிட்டார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என் வாயைப் பொத்தினாள். அந்த வியாழக்கிழமை நாங்கள் யாரும் சொல்லாமல் மச்சான் தனியாகப் பஸ் ஏறிப் போனார். படியேறி உள்ளே போய், உட்காராமல், சத்தமாக, தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி, "எம்பேரு தவசி. நான் குடிகாரன். போன வாரமும் குடிச்சேன்" என்றாராம். எல்லாரும் கை தட்டினார்களாம். இதை எனக்கு மச்சானே சொன்னார். "குடிச்சேன்னு சொன்னதுக்குக் கை தட்டுறாங்க அருஞ்சுனை! உலகத்துல எங்கயாவது உண்டா?"

இத்தனைக்கும் தங்கலட்சுமி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா வியாழக்கிழமை எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்று அவளுக்கு எல்லாம் தெரியும். சோறு போடுவாள், சட்டை துவைத்துப் போடுவாள். மணவறைப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டாள். மச்சானும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நான் தூண்டினேன். "அது அவ விலை. நான் குறைக்கச் சொல்ல மாட்டேன்" என்றார்.

வருஷத் திதி கழிந்தது. கல்யாணம் குமாரலிங்கபுரத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. மச்சான் பந்தல் முகப்பில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். வந்தவர்களில் பாதிப் பேர் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். பாசம் ஒன்றும் இல்லை, முகர்ந்து பார்ப்பதற்கு. ஒரு கிழவர் இரண்டு தரம் கட்டிப்பிடித்தார். முதல் தரம் ஜலதோஷமாம்.

மணவறையில் மொக்கையன் புது வேட்டி கட்டி, சம்சாரத்தோடு தயாராக உட்கார்ந்திருந்தான். முள் மேல் உட்கார்ந்த மாதிரி நெளிந்துகொண்டிருந்தான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாலேயே, 'நான் என்ன செய்யட்டும்' என்று கேட்டான்.

அந்த நேரத்தில்தான் கூட்டத்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கண்ணாடிக்காரர், பூச்சம்சாரி, ஜாக்கெட் அம்மாவின் வீட்டுக்காரர், இன்னும் நாலைந்து பேர். மச்சானைப் பார்த்ததும் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சங்கரபாண்டியனின் சம்சாரம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். துட்டி வீட்டில் கத்தினவர் அவர்தான், இன்னும் மறக்கவில்லை. கண்ணாடிக்காரரிடம் போய், "நீங்க பொண்ணு வீட்டுக்கு எந்த வகையில சொந்தம்?" என்று கேட்டார்.

அவர் திகைத்து, "மாடு வாங்கியிருக்கேன்" என்றார்.

"எத்தன மாடு? என்ன மாடு?"

"அது... கறுப்பு மாடு."

அடுத்தவரைக் கேட்டார். அவரும் மாடு வாங்கினாராம். அதற்கடுத்தவரும். அதில் ஒருவர் பேன்ட் போட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். "நீரு எங்கய்யா கட்டி வச்சிருக்கீரு?" என்று கேட்டதற்கு, "மாடியில" என்று உளறிவிட்டார்.

சம்பந்தியம்மாளின் குரல் ஏறியது. "எனக்குத் தெரியாதா? எல்லாம் சாராயக் கடைக் கூட்டாளிக. அதான் எங்க பழக்கம்னு வாயத் தொறக்க மாட்டேங்குறாக. குடிய விட்டுட்டேன்னு ஊரு பூராம் சொல்லிக்கிட்டு, கலியாண வீட்டுக்கே கூட்டத்தக் கூட்டிட்டு வந்திருக்காரு!"

மேளம் நின்றுவிட்டது. நாலு பேர் கூடிவிட்டார்கள். கண்ணாடிக்காரர் முன்னால் வந்து, "அம்மா, நான் உள்ளதச் சொல்லிர்றேன்" என்று ஆரம்பித்தார். மச்சான் குறுக்கே வந்து அவரைப் பின்னால் தள்ளினார். கையிலிருந்த சந்தனக் கிண்ணம் ஆடியது.

"தாயி, என்னயப் பத்திக் கேளுங்க, சொல்றேன். நான் குடிகாரன். ஒங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இன்னிக்குக் குடிக்கல. நாளைக்கு என்னன்னு எனக்கே தெரியாது. அவுகளப் பத்தி மட்டும் கேக்காதீக. நான் சொல்ல மாட்டேன். கலியாணம் நின்னாலும் சொல்ல மாட்டேன்."

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும். குடித்துக் கெட்டவர் மானத்தையெல்லாம் காப்பாற்ற, தன் மகள் கல்யாணத்தில் தன் மானத்தைப் போட்டுவிட்டு நிற்கிறாரே மனுஷர்! நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மணவறையிலிருந்து தங்கலட்சுமி எழுந்து நின்றாள். கல்யாணப் பெண் நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்று யாரோ அதட்டினார்கள். அவள் கேட்கவில்லை.

"அத்தை, அவுக எங்கப்பா வகையில சொந்தம்" என்றாள்.

சம்பந்தியம்மாள் திரும்பிப் பார்த்தார். பெண்ணின் முகத்தில் என்ன கண்டாரோ, மேலே ஒன்றும் கேட்கவில்லை. "அதச் சொன்னா என்ன, வாங்க வாங்க, உக்காருங்க" என்று கண்ணாடிக்காரருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். சங்கரபாண்டியன் மேளக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

தங்கலட்சுமி உட்காராமல் மொக்கையனைப் பார்த்தாள். "மாமா, நீங்களும் அத்தையும் கொஞ்சம் எந்திரிங்க. அம்மாவும் அப்பாவும் உக்காரட்டும்" என்றாள்.

மொக்கையன் அப்படி ஒரு வேகத்தில் எழுந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அக்கா அழுதுகொண்டே போய் உட்கார்ந்தாள். மச்சான் மணவறைக்குக் கீழேயே நின்றார். சந்தனக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னிடம் நீட்டினார். கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகும் ஏறவில்லை. மகளை நிமிர்ந்து பார்த்து, துட்டி வீட்டில் துண்டுக்குள் பேசின மாதிரி இல்லாமல், சந்தையில் பேசின மாதிரியும் இல்லாமல், சின்னக் குரலில் கேட்டார்.

"வரட்டுமா தாயி?"

"கேட்டுக்கிட்டு நிக்கிறீகளே, நல்ல நேரம் போகுது" என்றாள் அவள். "வாங்கப்பா."